தாளக்காரர் ஏன் போனார்?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கத்தில் ஆறு பேராக ஒரு மேள செட் நடத்துகிறோம். வைகாசியில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீடுகளில் அச்சாரம் வாங்கித் தலைகுனிய நேர்ந்தது. பிறகு தாளக்காரரும் வேறு செட்டுக்குப் போய்விட்டார். வாசிப்பில் குறையில்லை, செட்டைக் கட்டிக்காப்பதுதான் தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

— நாகஸ்வரக்காரர் ஒருவர்

அன்புள்ள தம்பிக்கு,

இரட்டை அச்சாரத்துக்கு மருந்து எளிது: அச்சாரம் வாங்குபவர் ஒருவராகவும், தேதி எழுதும் நோட்டு ஒன்றாகவும் இருக்கட்டும்; நோட்டைப் பார்க்காமல் போனில் யாருக்கும் சரி சொல்லாதீர்கள்.

தாளக்காரர் போனதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. அந்தக் காலத்தில் சுருதிக்குழலான ஒத்தை ஊதியவரும் தாளம் போட்டவரும் பெரும்பாலும் சீடர்களாகவோ வீட்டுப் பிள்ளைகளாகவோ இருந்தார்கள். கூலி குறைவானாலும் பாடம் கிடைத்ததால் கூடவே இருந்தார்கள். ஒத்தின் இடத்துக்குச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது, தாளம் நாள்கூலி வேலையாகிவிட்டது. பாடமும் இல்லை, பணக் கணக்கும் தெரியாது என்றால் அவர் எதை நம்பி இருப்பார்?

என் பெரியப்பா தவில்காரர். கல்யாணம் முடிந்து வேன் புறப்படுவதற்கு முன், தவில் உறைக்குள் வைத்திருக்கும் நீள நோட்டை எடுத்து, பேசிய தொகை, அச்சாரம், வண்டி வாடகை எல்லாவற்றையும் உரக்கப் படித்துவிட்டு, முதல் பங்கைத் தாளக்காரர் கையில்தான் வைப்பார். பங்குகள் சமமல்ல, நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கூடுதல் என்பதை யாரும் குறை சொன்னதில்லை. எவ்வளவு கூடுதல் என்பது மறைவாக இருக்கும் செட்டில்தான் முணுமுணுப்பு எழுகிறது.

வாசிப்பில் மகிழ்ந்து சம்பந்தி வீட்டார் செட்டில் ஒருவர் கையில் திணிக்கும் பணம் அவருடையதா, பொதுவுடையதா என்பதையும் முன்பே பேசி எழுதிவையுங்கள். நான் பார்த்த செட்டுகளில் பாதி இந்தப் பணத்தில்தான் உடைந்தன. தவிலுக்குத் தோல் மாற்றுவது, திருவாவடுதுறையில் நாகஸ்வரத்தில் செருகி ஊதும் சீவாளி வாங்குவது போன்ற செலவுகளைப் பங்கு பிரிப்பதற்கு முன்பே பொதுவில் எடுத்துவைப்பது நல்லது. இரண்டு நாகஸ்வரமும் ஒரே குரலாகக் கேட்க வேண்டுமானால் இருவருடைய சீவாளியும் ஒத்துப்போக வேண்டும். அதை ஒருவர் சொந்தப் பணத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆடியில் முகூர்த்தம் இல்லை. ஆவணிக்கு முன் ஆறு பேரும் உட்கார்ந்து பேச அதுவே தோதான காலம். தாளக்காரரைப் போனில் கூப்பிடாமல் அவர் வீட்டுக்கே போங்கள். போகும்போது வைகாசிக் கணக்கையும் எடுத்துச் செல்லுங்கள்.

அன்புடன்.