நெட்டை மரங்களுக்கும் ஒத்திகை வேண்டும்

கேள்வி: தில்லிப் பள்ளி ஒன்றின் நாடகக் குழுவுக்கு நான் பொறுப்பாசிரியை. ஆண்டுதோறும் இந்தியில் ஒன்று, தமிழில் ஒன்று என இரண்டு நாடகங்கள் போடுகிறோம். தமிழ் நாடகத்துக்கு இம்முறை நாற்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சென்ற ஆண்டு, “என் பிள்ளையை மரமாக நிற்க வைத்துவிட்டீர்களே” என்று ஒரு தாயார் வருத்தப்பட்டார். எந்த நாடகத்தை எடுக்கலாம்? அனுமதி வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, கரோல் பாக்

பதில்: அனுமதி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்து, அவர்களும் பெற்றோரும் பள்ளியோடு தொடர்புடையவர்களும் மட்டுமே பார்க்கும் நாடகத்துக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அதே நாடகத்தை வெளி அரங்கில் டிக்கெட் போட்டு நடத்தினால் அந்த விலக்கு கிடையாது. எழுதியவரிடமோ வாரிசுகளிடமோ அனுமதி பெற்றாக வேண்டும். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்புக்கு இந்தக் கவலையே இல்லை.

ஆகவே 1921இல் மறைந்த பாரதியாரின் ‘பாஞ்சாலி சபத’த்தைச் சொல்வேன். முதல் பாகம் 1912இலேயே வெளிவந்த காவியம். முழுவதையும் எடுக்க வேண்டாம், சூதாட்டம் தொடங்கிச் சபதம் வரை முக்கால் மணி நேரத்துக்குச் சுருக்கினால் போதும். துச்சாதனன் பாஞ்சாலியை இழுத்துச் செல்கையில் வழிநெடுக மொய்த்து நின்று புலம்புகிற ஊராரை நெட்டை மரங்கள் என்கிறார் பாரதி. உங்கள் நாற்பது பேரில் இருபது பேர் அந்த மரங்கள். ஒருவன் தடுக்கக் கை தூக்குகிறான், பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கிறான், கை தானாக இறங்குகிறது. ஒருத்தி தன் தம்பியின் கண்ணைப் பொத்துகிறாள். இப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் அசைவைக் கொடுத்து, பாஞ்சாலிக்கு வைப்பதைப் போலவே இவர்களுக்கும் ஒத்திகை வைத்தால், அந்தத் தாயாரின் மனக்குறை தீரும். கூச்சமுள்ள பையன் இருந்தால் தேர்ப்பாகன் வேடத்தைக் கொடுங்கள். பாஞ்சாலியை அழைத்து வரப் போய், அவள் கேட்ட கேள்வியைச் சுமந்துகொண்டு அவைக்குத் திரும்பி வருகிறவன் அவன். அவனுடைய தயக்கமே அங்கே நடிப்பு.

படிக்க வராத பிள்ளைகளுக்கு வசனத்தை இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிக் கொடுக்காதீர்கள். ழகரம் அங்கேயே காணாமற்போகும். பிறகு எத்தனை ஒத்திகை வைத்தாலும் திரும்பாது. காதால் கேட்டுக் கற்கட்டும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் சபைகளில், அதாவது சிறுவர்களே நடித்த நாடகக் குழுக்களில், வாத்தியார் சொல்லச் சொல்லத்தான் சிறுவர்கள் பாடம் ஏற்றினார்கள். பாரதியின் வரிகளில் சந்தம் இருப்பதால் நாலைந்து முறை கேட்டாலே நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகவே சொல்கிறேன். வசனத்தை முன்கூட்டியே பதிவுசெய்து ஒலிபரப்பி, பிள்ளைகளை வாயசைக்க வைக்கும் பழக்கம் ஆண்டு விழாக்களில் பரவியிருக்கிறது. சத்தம் கேட்காது என்பதற்காக நடிப்பையே பறித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அரங்கின் கடைசி வரிசையில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, மைக் இல்லாமல் ஒரு வாரம் பேசச் செய்யுங்கள். விழா நாளில் மேலே தொங்கும் இரண்டு மைக்குகளே போதும்.

பிப்ரவரியில் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு தொடங்கிவிடும் என்பதால் நவம்பருக்குள் மேடையேற்றிவிடுவது நல்லது. டிசம்பர்க் குளிரில் மாலை ஒத்திகைக்கு எந்தப் பெற்றோரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

கேள்வி: என் மகன் பள்ளி நாடகத்தில் நடிக்கிறான். நல்ல நாடகம் எதையும் பார்த்ததில்லை. எங்கே அழைத்துப் போகலாம்?
– ஒரு தந்தை, மயூர் விகார்

பதில்: நீல வழி மெட்ரோவில் ஏறி மண்டி ஹவுஸில் இறங்குங்கள். 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி, கமானி அரங்கம், ஸ்ரீராம் சென்டர் எல்லாம் நடக்கிற தூரத்தில்தான். நாடகப் பள்ளிக்கு 1989 முதல் சிறுவர்களுக்கென்றே தனிக் குழுவும் உண்டு. நாடகம் இந்தியில் இருந்தால் என்ன, உங்கள் பையனுக்கு நம்மைவிட நன்றாகவே புரியும். போகும்போது கதாநாயகனை விட்டுவிட்டு, வசனமில்லாமல் ஓரமாக நிற்கிறவரை ஒரு காட்சி முழுவதும் கவனிக்கச் சொல்லுங்கள்.