கியூ எழுத்துக்குப் பட்டியல் கேட்ட தந்தைக்கு

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். என் மகள் தரம் 7இல் படிக்கிறாள். ஆங்கிலச் சொற்போட்டி ஒன்றுக்கு ஆயத்தமாகிறாள். 'கியூ' எழுத்து வரும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் முழுவதையும் உங்கள் இதழில் பட்டியலாகப் போட முடியுமா? 'ஜே', 'எக்ஸ்', 'இசட்' எழுத்துகளுக்கும் தந்தால் நல்லது. ஒவ்வொரு சொல்லையும் இருபது தரம் எழுதிப் பாடமாக்க வைக்க இருக்கிறேன்.
– வாசகர், விசுவமடு

பதில்: பட்டியலைப் போடமாட்டேன். அது உங்கள் மகளுக்குக் கெடுதல் என்று நம்புகிறேன். பொருள் தெரியாத சொல்லை இருபது தரம் எழுதும் பிள்ளைக்குக் கைதான் நோகும். அடுத்த கிழமை அதே சொல் ஒரு வசனத்துக்குள் வந்தால் அவளுக்கு அது முன்பின் தெரியாத ஆள்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பின்னேரங்களை இப்படித் தின்னக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்கும் சொற்களில் சில உங்கள் வீட்டுக்கு எப்போதோ வந்துவிட்டன. 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் காத்து நின்ற வரிசையை என்னவென்று சொன்னோம்? கியூ. அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் கியூ, யூ, ஈ, யூ, ஈ என்று ஐந்து எழுத்தில் எழுதுவார்கள். முதல் எழுத்தின் பெயரைச் சொன்னதுமே சொல் முடிந்துவிடும். மற்ற நான்கும் ஓசையில்லாமல் பின்னால் நிற்கும். பிரெஞ்சிலிருந்து வந்த சொல் அது. அங்கே அதற்கு வால் என்று பொருள். ஏ9 வீதியோரம் நீண்டு கிடந்த அந்த வாகன வாலைக் கண்ட பிள்ளைக்கு இதை ஒருதரம் சொன்னால் சாகும்வரை மறக்கமாட்டாள்.

அதே ஆண்டில்தான் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தது. அதிலுள்ள கியூ, விரைவு என்று பொருள்படும் 'குயிக்'. இதுவும் ஐந்தெழுத்து. பழைய ஆங்கிலத்தில் இதற்கு 'உயிருள்ள' என்பதே பொருள். பாதரசம் உயிருள்ளதுபோல ஓடித் திரிவதால்தான் அதைக் 'குயிக்சில்வர்' என்றார்கள். கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து தந்த பங்கு 'குவோட்டா'. கணித பாடத்தில் அவள் நாளும் போடும் சமன் அடையாளம் 'ஈக்குவல்'. இவற்றோடு 'குவயட்', 'குவைட்' இரண்டையும் சேருங்கள். முதலாவது அமைதி, கடைசியில் நிற்கும் ஈயும் ரியும் இடம் மாறினால் மற்றது.

இந்த ஆறையும் கொப்பியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். பிறகு, கியூவுக்குப் பக்கத்தில் எந்த எழுத்து நிற்கிறது என்று அவளிடமே கேளுங்கள். ஆறிலும் யூ. நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அவளாகவே கண்டுபிடிக்கட்டும். பழைய ஆங்கிலத்தில் இந்த ஒலிக்குக் கியூ கிடையாது. 'குயீன்' என்ற சொல்லுக்குக்கூட சியைத்தான் முன்னால் வைத்தார்கள். 1066இல் நோர்மண்டியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுக்காரரின் எழுத்துப் பழக்கம் உள்ளே வந்து, கியூவையும் யூவையும் சோடியாக்கிவிட்டது.

இதை விளங்கிக்கொள்ளத் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. ட, ண, ர, ல, ற, ன முதலியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்று நம் இலக்கணம் சொல்கிறது. ரயிலை 'இரயில்' என்று சிலர் எழுதுவது அதனால்தான். எந்த எழுத்து எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்ற இந்தப் பார்வையை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே ஜே சொல்லின் கடைசியில் நிற்பது மிக அரிது. 'ஜட்ஜ்' என்ற ஐந்தெழுத்துச் சொல்லைப் பாருங்கள்: முதலில் ஜே, முடிவில் டி, ஜி, ஈ. ஒரே ஓசை, இடம் மாறியதும் உடுப்பும் மாறிவிட்டது. நீங்கள் கேட்ட ஜே பட்டியல் முழுவதையும் பாடமாக்கினாலும் இந்த ஒரு விஷயம் அவளுக்குத் தெரியவராது.

எழுத்தை எண்ணுவதிலும் பிள்ளைகள் தடுமாறுவார்கள். வன்னி என்பது நமக்கு மூன்றெழுத்து. ஆங்கிலத்தில் வி போட்டும் எழுதுகிறார்கள், டபிள்யூ போட்டும் எழுதுகிறார்கள். எப்படி எழுதினாலும் ஐந்து. உயிரும் மெய்யும் அங்கே சேர்ந்து ஒரெழுத்தாவதில்லை. இதை முதலில் தெளிவாக்கிவிடுங்கள்.

யூ இல்லாமல் கியூ வரும் சொற்களும் உண்டு. அநேகமாக அரபியிலிருந்து வந்தவை. நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் கட்டாரை ஆங்கிலத்தில் எழுதினால் கியூவில் தொடங்கும் ஐந்தெழுத்து. ஆனால் நாட்டின் பெயர் என்பதால் சொல் விளையாட்டுகளில் ஏற்கமாட்டார்கள். 'கிப்லா' செல்லும். முஸ்லிம் மக்கள் வாழும் நீராவிப்பிட்டிப் பக்கம் அவளுக்குத் தோழி யாரும் இருந்தால், தொழும்போது முகம் நோக்கும் திசை அது என்று அந்தத் தோழியே சொல்லுவாள். அப்படிக் கேட்டறிந்த சொல் மனதில் நிற்கும்.

போட்டிக்குத்தானே கேட்கிறேன் என்பீர்கள். சரி, போட்டிக் கணக்கே பார்ப்போம். எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிரபிள் விளையாட்டில் கியூவுக்குப் பத்துப் புள்ளி, ஆனால் 100 கட்டைகளில் அது ஒன்றே ஒன்று. ஈக்கு 12 கட்டைகள். கைக்கு அடிக்கடி வருவது எதுவோ அதில்தான் பிள்ளை பழக வேண்டும். இப்போது போனில் எல்லோரும் விளையாடும் வேர்டில், ஜோஷ் வார்டில் என்பவர் செய்து 2021இல் வெளியிட்ட ஐந்தெழுத்து விளையாட்டு. ஏறக்குறைய 12,000 சொற்கள் அவர் கையில் இருந்தன. அவருடைய துணைவி பலக் ஷா அவற்றைப் பார்த்துப் பார்த்து, சுமார் 2,500 பழகிய சொற்களை மட்டும் விடைகளுக்கென்று பொறுக்கிக் கொடுத்தார். பன்னிரண்டாயிரத்தையும் அப்படியே வைத்திருந்தால் ஆட ஆள் வந்திருக்காது. விளையாட்டுச் செய்தவர்களே கழித்துவிட்டதை நீங்கள் ஏன் பொறுக்கி எடுத்துப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறீர்கள்?

சனசமூக நிலையத்தில் ஆங்கிலப் பத்திரிகை கிடந்தால் ஒரு பழைய தாளைக் கேட்டு வாங்குங்கள். இரவு அவளோடு நீங்களும் இருந்து, ஒரு பக்கத்தில் கியூ எத்தனை, எக்ஸ் எத்தனை என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் வட்டம் போடலாம். அகப்பட்ட சொல்லின் பொருளை அவள் தேடி உங்களுக்குச் சொல்லட்டும். எக்ஸ் பெரும்பாலும் சொல்லின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் பார்த்து வைக்கட்டும்.

அவள் கண்டதை அவள் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள், சொல்லுக்கு ஒரு வசனமாக. அதை இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.