வெளியே வராத கடைவாய்ப் பல்: எக்ஸ்ரே அவசியமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழரை வயது. மேல் தாடையில் இடது பக்கம் புதுக் கடைவாய்ப் பல் முளைத்து எட்டு மாதம் ஆகிறது, வலது பக்கம் இன்னும் வெறும் ஈறுதான். வலி இல்லை. டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். இந்த வயதில் கதிர்வீச்சு தேவைதானா? ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: எடுத்துவிடுங்கள். ஒரு பக்கத்துப் பல் வந்து ஆறு மாதம் தாண்டியும் அதன் ஜோடி வரவில்லை என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் பல் மருத்துவர்களின் வழக்கம். வலி இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சிக்கிய பல் பெரும்பாலும் வலிக்காது.

ஆறு வயதையொட்டி வரும் இந்தப் பல், விழுந்த பால் பல்லின் இடத்தில் முளைப்பதில்லை. கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் புதிதாக வருகிறது (அதனாலேயே பலர் இதையும் பால் பல் என்று நினைத்து அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள், அது வேறு கதை). வரும்போது கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்தால் முன்னால் நிற்கும் பால் பல்லில் முட்டி நின்றுவிடும், அதன் வேரையும் கரைக்கும். நிறையக் குழந்தைகளுக்குத் தானாகவே நழுவி வந்துவிடுவது உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் ஏழு வயதுவாக்கிலேயே நடந்துவிடும். அதற்குப் பிறகும் காத்திருந்து பால் பல் சீக்கிரம் போய்விட்டால், பெரிய பல் முன்னால் நகர்ந்து, அடுத்து வரவேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எக்ஸ்ரேயில் டாக்டர் தேடுவது சில விஷயங்களை. பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, பால் பல் வேர் கரைகிறதா, வழியில் கூடுதல் பல்லோ நீர்க்கட்டியோ மறிக்கிறதா. சில சமயம் அந்தப் பல்லே உருவாகாமல் இருக்கும், அதையும் வாயைத் திறந்து பார்த்துச் சொல்ல முடியாது.

கதிர்வீச்சைப் பொறுத்தவரை, இரண்டு தாடையும் ஒன்றாகத் தெரியும் ஓபிஜி படத்துக்கு ஏறக்குறைய 0.01 முதல் 0.02 மில்லிசீவர்ட். மண், காற்று, வானம் என்று இயற்கையிலிருந்தே நாம் வருடத்துக்குச் சராசரியாக 2.4 வாங்கிக்கொள்கிறோம், அதாவது இது ஒரு சில நாள் கணக்கு. அதற்காகச் சும்மா எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. வாய்க்குள் வைக்கும் சின்னப் படமே போதுமா என்று கேளுங்கள், ஒரே ஒரு பல் சந்தேகத்துக்குப் பல நேரம் அது போதும். முப்பரிமாண ஸ்கேன் என்றால் மட்டும் ஏன் என்று கட்டாயம் கேளுங்கள்.

லேசாகச் சிக்கியிருந்தால் இரண்டு பல்லுக்கும் நடுவே சின்ன ரப்பர் வளையமோ பித்தளைக் கம்பியோ வைத்தே விடுவித்துவிடலாம்.

கேள்வி: பையனுக்கு 13 வயது. வேறு எதற்கோ எடுத்த ஓபிஜியில் கீழ் ஞானப் பல் படுத்த மாதிரி தெரிகிறது. இப்போதே பிடுங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இந்த வயதில் ஞானப் பல்லுக்கு வேரே சரியாக வந்திருக்காது, தாடையும் இன்னும் வளரும், சாய்வும் மாறும். இந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், 17, 18 வயதில் இன்னொன்று எடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படும். அதற்குள் தனக்கு முன்னால் நிற்கும் கடைவாய்ப் பல்லை அது அரிப்பதாகவோ, சுற்றிக் கட்டி இருப்பதாகவோ டாக்டர் சொன்னால் அப்போது பேச்சு வேறு.