சிம்பொனியில் எப்போது கைதட்டுவது?

கடலூர் நண்பருக்கு வணக்கம். சென்னையில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை நேரில் கேட்கப் போகிறீர்கள். எங்கே கைதட்டுவது, முன்வரிசை நல்லதா என்கிறீர்கள்.

நம் கச்சேரியில் ஆலாபனை முடிந்தாலே தட்டுவோம். அங்கே நான்கு பகுதிகளும் முடியும்வரை பொறுப்பது இன்றைய வழக்கம். மூன்றாவதும் நான்காவதும் இடைவெளியின்றி இணைவதால் எண்ணிப் பயனில்லை. இசை நடத்துனர் கையைத் தாழ்த்தி நம் பக்கம் திரும்பட்டும். பீத்தோவன் காலத்து ரசிகர்கள் இடையிலேயே தட்டியவர்கள்தான், தவறினாலும் வெட்கப்படாதீர்கள்.

முன்வரிசை வேண்டவே வேண்டாம். வயலின்காரர்கள் பின்னால் இருப்பவர்களை மறைத்துவிடுவார்கள். அங்கே பின்னால் இருக்கும் மூன்று டிராம்போன்களும் (நீண்ட பித்தளை ஊதுகருவிகள்) கடைசிப் பகுதியில்தான் வாய் திறக்கும். அந்த நுழைவைப் பார்க்காமல் வருவது பெரிய நஷ்டம். பால்கனியின் முதல் வரிசை கிடைத்தால் விடாதீர்கள். கடலூர் பஸ்ஸை நினைத்துப் பாதியில் எழ வேண்டாம், இந்தச் சிம்பொனி அரை மணிக்குச் சற்றே கூடுதல்தான்.