நூல் சுற்றிய மோதிரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 28. சொந்த ஊர் கும்பகோணம். சென்னையில் துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பா பாத்திரக்கடை வைத்திருக்கிறார். தம்பி கல்லூரியில் கடைசி வருடம். என் பிரச்சினை ஒரு மோதிரம். படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள்.

இந்த வருடம் தை மாதம் எனக்கு நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை வீடு திருப்பூர். இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்த பெரியவர் ஒருவர் கொண்டுவந்த வரன். ஜாதகம் பொருந்தியது, பெண் பார்த்தார்கள், பிடித்தது என்றார்கள். கும்பகோணத்திலேயே சின்ன மண்டபம் பிடித்து, 250 பேருக்குச் சாப்பாடு போட்டு நிச்சயம் செய்தோம். ஆவணியில் கல்யாணம் என்று லக்னப் பத்திரிகை வாசித்தார்கள். அவருக்கு நாங்கள் ஒரு சவரனில் மோதிரம் போட்டோம். எனக்கு அவர்கள் போட்டது ஆறு கிராம்தான், அதிலும் நடுவில் பெரிய கல். விரல் அளவுகூட யாரும் கேட்கவில்லை. மேடையில் போட்டவுடனேயே கழன்று விழப் பார்த்தது. அன்று ராத்திரி என் அம்மாதான் உள்பக்கம் நூல் சுற்றிக் கொடுத்தாள்.

ஆனி மாதக் கடைசியில் எல்லாம் நின்றுவிட்டது. அவருடைய அம்மா என் அப்பாவுக்குப் போன் செய்து, "பையனுக்கு இஷ்டமில்லையாம், நாங்க என்ன பண்றது" என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். மன்னிப்புகூடக் கேட்கவில்லை. கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் 40,000 போனது போனதுதான்.

இப்போது அந்தப் பெரியவர் மூலமாக மோதிரத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். எங்கள் மோதிரத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நிச்சயத்தின்போது இருந்ததைவிட இப்போது சவரன் விலை எவ்வளவோ ஏறிவிட்டது. அதனால்தான் கேட்கிறார்கள் என்று அம்மா சொல்கிறாள். "முதல்ல அவங்க கொடுக்கட்டும், அப்புறம் நாம பார்க்கலாம்" என்கிறாள். அத்தை, பழனி உண்டியலில் போட்டுவிடு, தோஷம் கழியும் என்கிறாள். சித்தி, அழித்து வேறு நகை செய்துகொள் என்கிறாள். என் ரூம்மேட், விற்றுவிட்டு எங்கேயாவது டூர் போகலாம் வா என்கிறாள். நிறுத்தியவர்கள் அவர்கள். அப்படியிருக்க மோதிரத்தைக் கேட்க அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவர்கள் செய்தது ஒன்றா இரண்டா அம்மா? நிச்சயப் புடவையை என்னைக் கேட்காமல் எடுத்தார்கள். எனக்குப் பிடிக்காத அரக்கு நிறம். பதினைந்து தட்டுதான் கொண்டுவந்தார்கள், நாங்கள் இருபத்தொன்று வைத்தோம். "பொண்ணு போட்டோல இன்னும் கொஞ்சம் கலரா தெரிஞ்சா" என்று அவர்கள் பக்கத்து அம்மாள் ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். வேலையைத் திருப்பூர்ப் பக்கம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். அவர் தினமும் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்வார். சாப்பிட்டாயா, தூங்கவில்லையா, நாளைக்கு ஆபீஸ் உண்டா. அதற்கு மேல் அவருக்கும் பேச ஒன்றும் இருக்காது, எனக்கும் இருக்காது. சில நாள் போன் அடிக்கும்போது வேண்டுமென்றே குளிக்கப் போய்விடுவேன். ஆனியில் ஒருநாள் நான் ஒரு மெசேஜ் அனுப்பினேன்தான். எனக்கு இது சரியாக வரும் என்று தோன்றவில்லை, எங்கள் வீட்டில் என்னால் சொல்ல முடியாது, உங்கள் வீட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று. அதற்கு அவர் "சரி" என்று ஒரே வார்த்தை போட்டார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, பாருங்கள். அது வேறு விஷயம். அதற்காக அவருடைய அம்மா என் அப்பாவிடம் அப்படி முகத்தில் அடித்தது மாதிரிப் பேசலாமா?

அப்பா இப்போதெல்லாம் காலையில் நடக்கப் போவதில்லை. மதியத்துக்கு மேல்தான் கடைக்கே போகிறார். யாராவது கேட்டால், "திருப்பூர்க்காரங்க வார்த்தை மாறிட்டாங்க" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் ஆத்திரமாக வருகிறது.

பெரியவர், இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசிக் கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு அதில் விருப்பமில்லை. இத்தனை அவமானப்படுத்தியவர்களோடு எதற்கு உட்கார வேண்டும்? அந்தப் புடவையை நான் ஒரே ஒரு தடவைதான் கட்டினேன். மோதிரம் ஒரு வெற்றிலைக் காம்பு அளவுக்குக்கூடக் கனமில்லை. அதை நான் என்ன செய்யட்டும்? கொடுக்கவா, வைத்துக்கொள்ளவா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத மகள்

*

அன்புள்ள மகளுக்கு,

சிரிக்கவில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எனக்கும் திருப்பூர்க்காரர்கள் மேல் கோபம் வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சின்னப் பதில்தான். மோதிரத்தைக் கொடுத்துவிடு. நிச்சயதார்த்த மோதிரத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் கல்யாணத்தை நம்பிப் போட்டது, கல்யாணம் நடக்காதபோது போட்டவரிடம் போய்ச் சேர வேண்டும் என்பது நம் பெரியவர்கள் வழக்கமாகச் செய்து வைப்பதுதான். உங்கள் மோதிரமும் அதே மாதிரி திரும்பி வர வேண்டும். இரண்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கைமாறட்டும். பணமாகக் கணக்குப் போடாதீர்கள். இன்றைய விலையா அன்றைய விலையா, கல்லின் எடையைக் கழிப்பதா, செய்கூலி சேதாரம் யார் தலையில் என்று அது அடுத்த தை வரைக்கும் இழுக்கும். பொருளுக்குப் பொருள், அவ்வளவுதான். உண்டியல் யோசனையை விட்டுவிடு. அடுத்தவர் வீட்டுத் தங்கத்தைப் போட்டு நம் தோஷம் கழியாது.

"நிறுத்தியவர்கள் அவர்கள்தானே" என்று நீ கேட்பாய். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு இதே கேள்வி 2024-ல் வந்தது. 70,000 டாலர் மோதிரம், முறிந்துபோன நிச்சயம். அதற்கு முன் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மாநிலத்தில் தப்பு யார் மேல் என்று விசாரித்துத்தான் மோதிரம் யாருக்கு என்று முடிவு செய்து வந்தார்கள். இனி அந்த விசாரணையே வேண்டாம், கல்யாணம் நடக்கவில்லை என்றால் மோதிரம் கொடுத்தவருக்குத்தான் என்று அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தப்பு யார் மேல் என்ற கேள்வியை எடுத்துவிட்டால் மோதிரக் கணக்கு எவ்வளவு சுலபமாக முடிகிறது என்பதற்காகச் சொன்னேன். உன்னால் அந்தக் கேள்வியை விட முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

உன் கடிதத்தில் புடவை இரண்டு இடத்தில் வருகிறது. மோதிரத்தின் எடையும் இரண்டு இடத்தில் வருகிறது. தட்டு, நிறம், மண்டபம் எல்லாமே விவரமாக வருகின்றன. ஒரு விஷயம் மட்டும் பத்து மணிப் போனுக்கும் அந்த அம்மாவின் பேச்சுக்கும் நடுவில் செருகிக்கொண்டு வருகிறது. "அது வேறு விஷயம்" என்று சொல்லி நீ அதைக் கடந்துவிடுகிறாய். அது வேறு விஷயம் இல்லையம்மா. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

கல்யாணத்தை நிறுத்தியது நீ.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. போன் அடித்தால் குளிக்கப் போகிற பெண், கல்யாணத்துக்கு முன்னாலேயே வேண்டாம் என்று சொன்னது இரண்டு பேருக்குமே நல்லது. பத்து நிமிடம் சேர்ந்தாற்போலப் பேச ஒன்றுமில்லை என்பது ஒருவரை வேண்டாமென்று சொல்லப் போதுமான காரணம்தான். உனக்குத்தான் அது போதவில்லை. அதனால் அரக்குப் புடவையையும் ஆறு கிராமையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். அவர்கள் பதினைந்து தட்டுக்குப் பதில் முப்பது தட்டு கொண்டுவந்திருந்தாலும் நீ அந்த மெசேஜை அனுப்பித்தான் இருப்பாய். இல்லையா?

அந்த நிறம் பற்றிய பேச்சு மட்டும் வலித்திருக்கும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வேலையை மாற்றச் சொன்னதையும் கல்யாணத்துக்கு முன்பே பேசித் தீர்த்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பையனிடம் வருவோம். அவரை எனக்குத் தெரியாது. நல்லவர் என்று சான்றிதழ் கொடுக்க மாட்டேன். நீ எழுதியதை வைத்து மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று நீ கேட்டாய். அவர் சரி என்றார், சொல்லிவிட்டார். அதுவும் எப்படிச் சொன்னார்? "பையனுக்கு இஷ்டமில்லையாம்" என்றுதான் அவருடைய அம்மாவுக்கே தெரிந்திருக்கிறது. அப்படியானால் உன் மெசேஜை அவர் பெற்ற தாயிடம்கூடக் காட்டவில்லை. அன்றிலிருந்து ஐந்து மாதமாகப் பழியை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார். ஏன் என்று கேட்கவில்லை என்பது உன் குறை. அவர் கேட்டிருந்தால் நீ என்ன பதில் வைத்திருந்தாய்?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அடுத்து அவருக்கு ஒரு பெண் பார்க்கும்போது, முதல் நிச்சயம் ஏன் நின்றது என்று விசாரிக்க ஆள் உங்கள் ஊருக்குத்தான் வரும். உன் அப்பாவின் கடை வாசலுக்கே வரலாம். "வார்த்தை மாறிட்டாங்க" என்று அவர் மனசாரச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மை அவரிடம் இல்லை, உன் போனில் இருக்கிறது.

அந்தப் பெரியவர் உட்கார்ந்து பேசலாம் என்றதும் நீ ஏன் அவ்வளவு வேகமாக மறுக்கிறாய் என்று உனக்கே தெரியும். அவமானத்துக்காக இல்லை. நம் பக்கம் மோதிரம் மாற்றுவதெல்லாம் பல குடும்பங்களில் பிற்பாடு வந்து சேர்ந்த வழக்கம். வெற்றிலை பாக்குத் தட்டை இரண்டு பக்கப் பெரியவர்களும் மாற்றிக்கொண்டால் நிச்சயம். மாறியது அப்பாக்களின் வார்த்தை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கும் அவர்கள்தான் எதிரெதிரே உட்கார வேண்டும். உட்கார்ந்தால் யாராவது ஒருவர், "அப்படி என்னதான் ஆச்சு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மோதிரம் ஐந்து மாதமாக உன்னிடமே இருக்கிறது. சண்டை நடந்துகொண்டிருக்கும் வரைக்கும் அந்தக் கேள்வி வராது. அம்மாவும் அத்தையும் சித்தியும் ஆளுக்கொரு யோசனை சொல்லி, தெரியாமலேயே உனக்கு உதவிக்கொண்டிருக்கிறார்கள்.

நடுவில் உன் அப்பா. அவர் காலை நடையை நிறுத்தியதற்குத் திருப்பூர் காரணம் என்று நீ நினைத்துக்கொள்கிறாய். தன் பெண்ணை யாரோ வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்றுதான் அவர் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். அது நடக்கவே இல்லை. உன்னை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. நடக்காத ஒன்றுக்காக ஒரு மனிதர் கடையைப் பாதி நாள் திறக்காமல் இருக்கிறார். நீ அதைப் பார்த்துக்கொண்டு வேறொரு குடும்பத்தின் மேல் ஆத்திரப்படுகிறாய். இந்த இடத்தில் நான் உன் பக்கம் நிற்க முடியாது.

பெரியவரைப் பார்க்கும் முன் ஊருக்குப் போ. போனில் வேண்டாம். அம்மாவை வைத்துச் சொல்லவும் வேண்டாம். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அப்பாவிடம் நீயே சொல். நான்தான் வேண்டாமென்றேன், உங்களிடம் சொல்லப் பயந்து அவரைச் சொல்லச் சொன்னேன் என்று. மெசேஜைக் காட்டு. அவர் கத்தலாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அதற்கு உன்னிடம் நல்ல பதில் கிடையாது, அதனால் பதில் சொல்ல முயலாதே. இரண்டு நாள் பேசாமலும் இருப்பார். இருக்கட்டும். உன் தைரியக் குறைவுக்காகக் கோபித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. உன் முடிவு அப்படியில்லை, அது உன்னுடையது. இரண்டையும் அவர் குழப்பிக்கொண்டால் நீ குழப்பிக்கொள்ளாதே.

நிச்சயம் வரை போய் நின்ற பெண் என்று ஊர் பேசும் என்ற பயமும் உள்ளே இருக்கும். கொஞ்ச நாள் பேசும். பெண் வேண்டாமென்றாள் என்று பேசினால் என்ன, பையன் வேண்டாமென்றான் என்று பேசினால் என்ன, பேசப்போவது ஊர்தான். அப்பாவுக்கு எது உண்மை என்று தெரிந்திருந்தால் பதில் சொல்ல அவருக்கும் ஒரு தெம்பு இருக்கும்.

அப்புறம் அந்தப் பையனுக்கு ஒரு வரி அனுப்பு. எங்கள் வீட்டில் சொல்லிவிட்டேன், நீங்களும் இனி உங்கள் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று. நன்றி என்று ஒரு வார்த்தை சேர்த்தால் தப்பில்லை. நீளமாக விளக்கம் எழுத உட்காராதே.

உன் அம்மாவிடம் நகைக்கடை பில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல். பெரியவர் வீட்டில் தராசு இருக்காது, பக்கத்துக் கடைக்குப் போய் இரண்டு மோதிரத்தையும் எடை போட்டு, யார் யாரிடம் என்ன கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் இரண்டு வரி எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன் உன் அம்மா சுற்றிக் கொடுத்த நூலை மறக்காமல் பிரித்து எடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா