பழைய கணினியில் மைக் செருகினால் குரல் ஏன் மெலிதாகக் கேட்கிறது?

பழைய கணினியின் பின்னால் பொதுவாக இளஞ்சிவப்பாக இருப்பது மைக் துளை. நீல நிறம் லைன்-இன், அதாவது ஏற்கெனவே பெருக்கப்பட்ட ஒலிக்கான வழி. மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக் தருவது சில மில்லிவோல்ட்தான். லைன்-இன் எதிர்பார்ப்பதோ ஏறத்தாழ 100 மடங்கு. சரி, மைக் துளையில் பெருக்கி இருக்கிறதே? இருக்கிறது, ஆனால் அது ஹெட்செட் மைக்குக்காக வைத்த எளிய பெருக்கி. பூஸ்டை, அதாவது கணினியில் மைக் ஒலியைக் கூட்டும் அமைப்பை, ஏற்றினால் இரைச்சலும் ஏறும். சந்தையில் முணுமுணுப்பவர் முன்னால் ஒலிபெருக்கி வைத்தால் சந்தைச் சத்தமும் சேர்ந்துதானே பெருகும்!

வீட்டுப் பதிவுக்கு யூஎஸ்பி மைக்கையே பரிந்துரைப்பேன். பெருக்கி அதற்குள்ளேயே இருப்பதால் பழைய சவுண்ட் கார்டு குறுக்கே வராது.

ஸ்டுடியோ கண்டென்சர் மைக்கைக் கணினியில் செருக ஓர் அடாப்டர் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டைத் தராது.