டிடிஎஸ் பிடித்த பிறகும் பத்திர வட்டியைக் காட்ட வேண்டுமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம், ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 64. பென்ஷன் வருடத்துக்கு 6,60,000 ரூபாய். தென்னந்தோப்புக் குத்தகையில் 2,20,000 வருகிறது. ரிசர்வ் வங்கியின் மிதவை வட்டிச் சேமிப்புப் பத்திரம் 10 லட்சத்துக்கு இருக்கிறது. அரசுப் பத்திரங்களை நேரடியாக வாங்க ரிசர்வ் வங்கி தரும் ரீட்டெயில் டைரக்ட் கணக்கில் 7.10 சதவீத 2034 அரசுக் கடன் பத்திரம் 5 லட்சத்துக்கு, 2025 ஜூலை 8 அன்று, வேறொருவர் விற்றதை வாங்கினேன். முதல் பத்திர வட்டியில் வரி பிடிக்கிறார்கள், இரண்டாவதில் பிடிப்பதில்லை. “புடிச்சதுக்கு மறுபடி எதுக்குக் காட்டோணும்? புடிக்காததுக்கு வரியே இல்லீங்க” என்கிறார் நண்பர். அவர் சொல்வது சரியா? அடுத்த பத்திரத்தை மனைவி பேரில் வாங்கலாமா?

பதில்: ஐயா, நண்பர் சொன்ன இரண்டுமே தவறு. டிடிஎஸ் என்பது, வட்டி தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி; அது வரிக்கு முன்பணம்தான். அதைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், இந்த இரண்டு பத்திரங்களின் வட்டியும் வரிக்கு உட்பட்ட வருமானமே.

சேமிப்புப் பத்திரத்துக்கு ஜனவரி 1, ஜூலை 1 என இரு முறை வட்டி வரும். 8.05 சதவீதத்தில் ஒரு தவணை 40,250 ரூபாய். உங்கள் பாஸ்புக்கில் 36,225 என்றுதான் இருக்கும். 4,025 டிடிஎஸ் போய்விட்டது. பலர் பாஸ்புக்கைப் பார்த்து இரு தவணைக்கும் 72,450 என்று எழுதிவிடுகிறார்கள். எழுத வேண்டியது 80,500. குறைத்துக் காட்டிவிட்டு 8,050 டிடிஎஸ்ஸை முழுதாகக் கேட்டால், உங்கள் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தோடு கணக்கு ஒத்துப்போகாது. குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று 139(9) பிரிவில் நோட்டீஸ் வரலாம். 15 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் ரிட்டர்னே தாக்கல் செய்யாதது போலாகிவிடும். இந்தப் பத்திர வட்டி ஆண்டுக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால்தான் டிடிஎஸ் பிடிப்பார்கள். தாண்டாவிட்டாலும் வட்டியைக் காட்டத்தான் வேண்டும்.

கடன் பத்திரத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அதன் வட்டி நாள் ஏப்ரல் 8, அக்டோபர் 8. ஜூலை 8-ல் வாங்கியபோது, அதுவரை சேர்ந்திருந்த 90 நாள் வட்டி 8,875 ரூபாயையும் விற்றவருக்குச் சேர்த்துக் கொடுத்திருப்பீர்கள். அக்டோபரில் உங்களுக்கு வந்தது 17,750. இதில் 8,875-ஐக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் காட்டத் தோன்றும், நியாயமாகவும் படும். ஆனால் முதலீடாக வைத்திருக்கும் பத்திரத்துக்குக் கொடுத்த இந்த இடைக்கால வட்டி, வாங்கிய விலையின் பகுதியே என்று விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 17,750-ஐயும் முழுதாகக் காட்டுங்கள். 8,875-ஐ அடக்கவிலையோடு சேர்த்து எழுதி, ஒப்பந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போதோ முதிர்வின்போதோ அது உதவும். 2026 ஏப்ரல் 8-ல் வரும் தவணை, கைக்கு வந்த தேதிப்படி கணக்கு வைத்தால், அடுத்த ஆண்டுக்குப் போகும். அந்த முறையைப் பிடித்தால் எல்லா ஆண்டும் அதையே பிடிக்க வேண்டும்.

எந்தப் படிவம்? தோப்புள்ளவர்கள் இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 கூடாது. தோப்புக் குத்தகையும் விவசாய வருமானமே. உங்களுக்கு ஐடிஆர்-2. அதில் வட்டியை ‘இதர வருமானம்’ அட்டவணையில், சேமிப்புக் கணக்கு வட்டி, டெபாசிட் வட்டி வரிசைகளில் போடாமல், ‘மற்றவை’யில் போடுங்கள். பழைய வரி முறையில் மூத்த குடிமக்களுக்குக் கிடைக்கும் 80டிடிபி (80TTB) கழிவு வங்கி, அஞ்சலக, கூட்டுறவு டெபாசிட்டுக்குத்தான்; பத்திரத்துக்கு இல்லை. டிடிஎஸ்ஸை, சம்பளம் அல்லாத டிடிஎஸ் அட்டவணையில் 193 என்ற பிரிவோடு எழுதுங்கள். குத்தகை, விலக்குள்ள வருமான அட்டவணைக்குப் போகும்.

2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் உங்கள் கணக்கு இது: பென்ஷனில் நிலைக்கழிவு 75,000 போக 5,85,000, வட்டி 80,500-ம் 17,750-ம், ஆக 6,83,250. விவசாய வருமானத்துக்கு நேரடி வரி இல்லை, ஆனால் விகிதத்தை நிர்ணயிக்க அதையும் சேர்ப்பார்கள். 9,03,250-க்கு வரி 30,325; அதில் 6,20,000-க்கான (வரியில்லா வரம்பான 4 லட்சமும் குத்தகையும்) 11,000-ஐக் கழித்தால் 19,325. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடியில் இது முழுதும் போய்விடும். பிடித்த 8,050 ரூபாயும் திரும்பி வரும். ரிட்டர்ன் போடாவிட்டால் வராது.

மனைவி பேரில் வாங்கலாம். ஆனால் பணம் உங்களுடையது என்றால் வருமான வரிச் சட்டப்படி வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். டிடிஎஸ் அவர் பான் எண்ணில் விழுந்துவிடும்; உங்கள் எண்ணுக்கு மாற்ற, அவர் வங்கிக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். அவருடைய சொந்தப் பணமோ சொந்த நில வருமானமோ போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. அப்போது அவர் கணக்கிலிருந்தே பணம் போகட்டும்.

ஜூலை 31-க்குள் தாக்கல் செய்து, 30 நாளுக்குள் ஆதார் ஓடிபியில் சரிபார்ப்பை முடியுங்கள். ரீஃபண்டு வர வேண்டிய வங்கிக் கணக்கை வருமான வரி இணையதளத்தில் முதலிலேயே சரிபார்த்து வைத்துவிடுங்கள்.